இந்தத் தூசு யாருடையது?

செல்போன் செயலியில் சென்னையின் காற்றுத் தரக் குறியீடு 95 என்று வந்தால் கூடவே இளம்பச்சை நிறமும் 'திருப்திகரம்' என்ற சொல்லும் வரும். அதை நம்பி நிம்மதி அடைய வேண்டாம். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை இருந்தாலும் நம் குறியீட்டில் பச்சைதான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த 24 மணி நேர அளவோ வெறும் 15.

தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இராத இந்தத் துகளை மூக்கும் தொண்டையும் வடிகட்ட முடியாது. நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போகிறது. மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கின்றன. அதனால்தான் பாதிப்பு இருமல், இளைப்போடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம், குறைந்த எடையில் பிறக்கும் குழந்தை என நீள்கிறது. துகள் மாசு புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் உறுதியாக வகைப்படுத்தியது. லண்டனில் பரபரப்பான சாலையருகே வளர்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி அதே 2013-இல் ஆஸ்துமா முற்றி இறந்தாள். அவளுக்கு வயது 9. காற்று மாசும் அந்தச் சாவுக்குக் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்ய 2020 ஆகிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு வரும் நியாயத்துக்காக நாம் காத்திருக்கக் கூடாது.

மாசற்ற காற்று, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் 'நகரம்னா தூசு இருக்கத்தான் செய்யும்' என்று நாமே அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறோம். உங்கள் தெருவில் பறக்கும் தூசில் பெரும்பங்குக்குப் பொறுப்பாளி உண்டு. தெருமுனையில் குப்பையை எரிப்பது சட்டவிரோதம். சென்னையில் 1913 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பக்கத்து மனையில் மணலும் ஜல்லியும் மூடாமல் கிடந்தாலும், திறந்த வெளியில் கல் அறுத்தாலும், தூசைக் கட்டுப்படுத்த 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளைச் சுட்டி மாநகராட்சியிடம் கேளுங்கள். மணலி, எண்ணூர்க்காரர்களைப் போல ஆலைப்புகையோடு வாழ்பவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சு பதிவாகாது. இடம், நாள், நேரம் தெரியும் புகைப்படத்தை இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம்.

வெளியே போகையில் துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 உதவும். இளைப்பு உள்ளவர்கள் புகை கனத்த நாளில் அதிகாலை நடையைத் தவிர்ப்பது நல்லது. ஆனால் நாள் முழுக்கச் சாலையிலேயே நிற்கும் தூய்மைப் பணியாளரிடமும் போக்குவரத்துக் காவலரிடமும் வீட்டுக்குள் இருங்கள் என்று சொல்ல முடியுமா? புகையை அதன் பிறப்பிடத்தில் நிறுத்துவதுதான் அவர்களுக்கான வழி.

புகாருக்கு அதிகாரிகள் அசையாவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே உள்ளது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே முறையிடலாம். ஆனால் காலக்கெடு கறாரானது. மாசை நிறுத்தக் கோரும் மனுவை, பிரச்சினை தலைதூக்கிய 6 மாதத்துக்குள் போட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். இழப்பீட்டுக்கு 5 ஆண்டு. ஆகவே வாரியம் பதில் தரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திராமல், புகார் கொடுத்த கையோடு மனுவுக்கான ஆவணங்களையும் சேர்க்கத் தொடங்குங்கள்.