முதல் வரியில் நிற்பது யார்?
விமானத் தேடல் பட்டியலை அளக்கும் முறை

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், கிடைத்த முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுப் பிரித்தார்கள். பெரிய முத்து சல்லடையில் தங்கும். சிறியது துளை வழியாகக் கீழே இறங்கும். சல்லடைக்குத் தெரிந்தது பருமன் ஒன்றே. முத்தின் ஒளியையும் உருட்சியையும் அது அறியாது. அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டியிருந்தது.

இணையத்தில் விமானப் பயணச்சீட்டைத் தேடும்போது திரையில் வரும் பட்டியலும் ஒரு சல்லடைதான். தூத்துக்குடி மில்லர்புரத்தில் வசிக்கும் ஒருவர் அவசரமாகச் சென்னைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயர்களையும் தேதியையும் கொடுத்தவுடன் சில வரிகள் தோன்றுகின்றன. அவர் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வரிகளைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார். அந்த வரிசையை உண்டாக்கியது எது? அதில் ஒரு விமானக் கம்பெனி எவ்வளவு நன்றாக இடம் பிடித்திருக்கிறது என்பதை அளக்க முடியுமா? இதைச் சற்று ஆராய்வோம்.

திரையில் நடந்த போட்டி

இந்தக் கேள்வி இணையத்துக்கு முந்தியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 'சேபர்' என்ற கணிப்பொறி முன்பதிவு அமைப்பு 1960-களில் இயங்கத் தொடங்கியது. 1976 முதல் அதன் திரைகள் பயண முகவர்களின் அலுவலகங்களுக்கும் வந்தன. முகவர்கள் நாள் முழுவதும் வேலை செய்பவர்கள். திரையைப் பல முறை புரட்ட அவர்களுக்கு நேரமில்லை. விற்ற சீட்டுகளில் ஏறக்குறைய பாதி முதல் வரியிலிருந்தும், மிகப் பெரும்பகுதி முதல் திரையிலிருந்தும் விற்பனையானது விரைவில் தெரியவந்தது.

அமைப்பின் சொந்தக்காரரே ஒரு விமானக் கம்பெனியாக இருந்தால் என்ன நடக்கும்? தன் விமானங்களை மேலே வைக்கும். போட்டியாளரின் விமானங்கள் கீழே போகும். அக்கம்பெனியின் தலைவர்களில் ஒருவரான ராபர்ட் கிராண்டால், இந்தச் சலுகைக்காகத்தான் இவ்வளவு செலவு செய்து அமைப்பை உருவாக்கினோம் என்ற பொருள்பட அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வெளிப்படையாகவே வாதாடினார். எனினும் 1984-இல் அந்நாட்டு அரசு, பட்டியலில் இத்தகைய ஓரவஞ்சனை கூடாது என்று விதி செய்தது. ஐரோப்பாவில் 1989-இல் ஒரு நடத்தை நெறி வந்தது. இடைநில்லா விமானங்கள் புறப்படும் நேர வரிசையிலும், மற்றவை மொத்தப் பயண நேர வரிசையிலும் வரவேண்டும் என்பது அதன் பொது முறை. பின்னர், பெரும்பாலான முன்பதிவு அமைப்புகள் விமானக் கம்பெனிகளின் கையைவிட்டுப் போனதால், அமெரிக்க விதிகள் 2004-இல் நீக்கப்பட்டன.

மூன்று அளவுகள்

ஒரு கம்பெனியின் நிலையை அறிய மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும்.

முதலாவது, தோற்றம். நூறு முறை தேடினால் எத்தனை முறை அக்கம்பெனி பட்டியலில் வருகிறது? இரண்டாவது, இடம். வந்தபோது எத்தனையாவது வரியில் நிற்கிறது? மூன்றாவது, தேர்வு. பார்த்தவர்களில் எத்தனை பேர் அதை அழுத்திச் சீட்டு வாங்குகிறார்கள்?

வரிகளை வெறுமனே எண்ணினால் ஏமாந்துபோவோம். ஒரு கற்பனைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்து வரிகள். அவற்றில் வரும் கம்பெனிகள் முறையே அ, ஆ, அ, இ, ஆ. எண்ணிக்கைப்படி 'அ'வுக்கு 40 சதவீதம், 'ஆ'வுக்கு 40 சதவீதம், 'இ'க்கு 20 சதவீதம். ஆனால் மேல்வரிகளைத்தான் அதிகம் பேர் பார்க்கிறார்கள். ஆகவே முதல் வரிக்கு 1, இரண்டாவதற்கு 1/2, மூன்றாவதற்கு 1/3 என்று மதிப்புக் கொடுப்போம். இப்போது 'அ'வின் மதிப்பு 1 + 1/3 = 1.33; 'ஆ'வின் மதிப்பு 1/2 + 1/5 = 0.70, 'இ'யின் மதிப்பு 0.25. இவற்றைச் சதவீதமாக்கினால் முறையே 58, 31, 11 என்று வருகிறது. எண்ணிக்கையில் சமமாக இருந்த இருவரில் ஒருவர் மற்றவரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இடம் பெற்றிருக்கிறார்! இந்த மதிப்புகள் நாம் வைத்துக்கொண்ட ஒரு கருதுகோள் என்பதை நினைவில் வையுங்கள். மக்கள் உண்மையில் எந்த வரியை எத்தனை முறை அழுத்துகிறார்கள் என்ற கணக்குக் கிடைத்தால் அதையே பயன்படுத்த வேண்டும்.

தராசுத் தட்டை மாற்றுதல்

இனி ஒரு சிக்கல். முதல் வரியில் நிற்பதால் மக்கள் அக்கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிறார்களா? அல்லது நல்ல கம்பெனியாக இருப்பதால் தேர்ந்தெடுக்கிறார்களா?

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இதைப் போன்ற ஒரு சிக்கலை நீங்கள் சந்தித்திருக்கலாம். தராசின் இரு கைகளும் சம நீளமாக இல்லாவிட்டால் எடை தவறும். அப்போது பொருளை இடத் தட்டில் ஒரு முறையும் வலத் தட்டில் ஒரு முறையும் வைத்து நிறுக்கிறோம். கிடைக்கும் இரு எடைகளைப் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் உண்மை எடை வந்துவிடும். தராசின் குறை கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது.

பட்டியலிலும் அவ்வாறே செய்யலாம். ஒரே விலையும் ஏறக்குறைய ஒரே நேரமும் உள்ள இரு விமானங்களைப் பாதிப் பேருக்கு ஒரு வரிசையிலும், மீதிப் பேருக்கு மாற்று வரிசையிலும் காட்ட வேண்டும். யாருக்கு எந்த வரிசை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும். எந்த வரிசையிலும் ஒரே கம்பெனி அதிகம் தேர்வானால் அது அதன் சொந்த மதிப்பு. மேலே நிற்பது எதுவோ அதுவே தேர்வானால் அது வரியின் மதிப்பு.

எண்கள் ஏன் ஆடுகின்றன?

நாமே அளக்க முயன்றால், காலையில் ஒரு விலையும் மாலையில் வேறு விலையும் வரும். ஒரே விமானத்தின் இருக்கைகள் பல கட்டண வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதே இதற்கு முக்கியக் காரணம். மலிவான வகுப்பு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த விலை திரைக்கு வருகிறது. மலிவான இருக்கைகள் இரண்டே மீதமிருக்கும்போது நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடினால், பல அமைப்புகள் நால்வருக்குமே அடுத்த விலையைக் காட்டிவிடும். இருவர் இருவராகத் தேடிப் பார்ப்பது நல்லது.

எனவே தேடும் நேரம், பயணத் தேதி, ஆட்களின் எண்ணிக்கை, வரிசைப்படுத்தும் முறை ஆகியவற்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை நிலையாக வைக்க வேண்டும். ஒரே அளவைப் பல நாள் எடுத்துச் சராசரியையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். ஒரே ஒரு தேடலை வைத்து ஒரு கம்பெனியைப் புகழ்வதும் இகழ்வதும் அறிவியல் ஆகாது.

மறைந்து நிற்கும் ரூபாய்

விலை வரிசையிலும் ஒரு பொறி உண்டு. பட்டியலில் 4,200 ரூபாய் என்று நிற்கும் சீட்டு, பெட்டிக் கட்டணமும் சேவைக் கட்டணமும் சேர்ந்து கடைசியில் 5,100 ஆகலாம். அதற்குக் கீழே 4,600 என்று நின்ற சீட்டு 4,800-லேயே முடியலாம். முதல் எண்ணால் வரிசைப்படுத்தினால் ஒரு விடை. கடைசி எண்ணால் வரிசைப்படுத்தினால் நேர்மாறான விடை. கட்டணத்தைத் துளித்துளியாக வெளியிடுவது, விளம்பரத்தைச் சாதாரணச் செய்தி போல் காட்டுவது, பொய்யான அவசரம் உண்டாக்குவது முதலிய 13 ஏமாற்று முறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் தடை செய்கின்றன.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம்?

தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்தில் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டப்பட்டது. புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. சிறிய விமானங்கள் மட்டும் வந்த இடத்தில் பெரிய விமானங்களும் இறங்க வழி பிறந்தது. இனி பட்டியலில் வரிகள் கூடும். வரிகள் கூடக்கூட அவற்றின் வரிசைக்கு மதிப்பும் கூடும். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கும் அவசர மருத்துவத்துக்கும் போகிறவருக்கு ஐந்நூறு ரூபாயும் இரண்டு மணி நேரமும் சிறிய விஷயங்கள் அல்ல.

மாணவர்களே, ஒரு சோதனை செய்து பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரே பயணத் தேதியைக் குறித்துக்கொண்டு, பத்து நாட்கள் ஒரே மணிக்குத் தேடுங்கள். ஒவ்வொரு வரியிலும் கம்பெனி, புறப்படும் நேரம், முதலில் காட்டிய விலை, பணம் கட்டும் பக்கத்தில் வரும் விலை ஆகிய நான்கையும் நோட்டில் எழுதுங்கள். பிறகு மதுரையிலிருந்து புறப்படுவதாகவும் தேடி, அங்கே போகும் பஸ் செலவையும் நேரத்தையும் கூட்டுங்கள். பத்தாம் நாள் முடிவில், திரை கொடுத்த வரிசையையும் உங்கள் நோட்டு கொடுத்த வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் எங்கே வேறுபடுகின்றனவோ, அங்கே சல்லடைக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது.