கன்னத்தில் விழும் வெளிச்சம்

இலங்கையின் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவைப் படமெடுத்து, பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "மூஞ்சியக் காணமே தம்பி, முக்காடு மட்டுந்தான் தெரியுது" என்றார். உண்மைதான். பின்னால் மூடுபனி அழகாக விழுந்திருந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் கரி.

ஒளிமானிக்கு முகம், பனி, தேயிலை என்ற வேறுபாடு கிடையாது. எதைக் காட்டினாலும், தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். படத்தில் முக்கால்வாசி பனி என்றால் பனியைச் சாம்பலாக்கப் பார்க்கும். பழுப்புத் தோல் இருட்டுக்குள் போய்விடும்.

கையில் பிடிக்கும் ஸ்பொட் மீட்டர் இங்கேதான் உதவுகிறது. கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம். 1 பாகைக்குள் அடங்குவதை மட்டுமே அது அளக்கும். 10 மீற்றர் தூரத்தில் அந்த வட்டம் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர். முக்காடும் கூடைக் கயிறும் சேர்ந்து விழுந்துவிடும். 5 மீற்றருக்கு நெருங்கினால் 9 சென்ரிமீற்றர்: கன்னம் மட்டும்.

அடுத்த முறை அப்படித்தான் அளந்தேன். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம், துவாரம் எஃப் 8. பனிக்கு 1/250 செக்கன் காட்டியது, கன்னத்துக்கு 1/30. மூன்று படி வித்தியாசம்; ஒரு படி என்பது இரண்டு மடங்கு ஒளி. ஆகவே பனி எட்டு மடங்கு வெளிச்சம். ஆனால் 1/30ஐ அப்படியே வைத்தால் அக்காவின் நிறம் நடுச்சாம்பல் அளவுக்கு வெளுத்துவிடும். அவர் முகம் அதைவிட ஒரு படி கறுப்பு. ஆகவே 1/60. பனி இப்போது நடுச்சாம்பலுக்கு இரண்டு படி மேலே, வெள்ளையாக, ஆனால் அதன் இழை கெடாமல் நிற்கும். எந்த நிறத்தை எந்தப் படியில் உட்காரவைப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் இந்த முறையை 1940ஐ ஒட்டி அமெரிக்காவில் அன்சல் அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் வகுத்தார்கள். வெள்ளைத் தோலை நடுச்சாம்பலுக்கு ஒரு படி மேலே வை என்பது அவர்கள் வழிவந்த பாடம். அதை இந்த மலையில் கடைப்பிடித்தால் ஆளையே மாற்றிவிடுவோம்.

ஆள் எதிர்ச் சரிவில் நின்றால் கிட்டப் போக வழியில்லை. அதே வெளிச்சத்தில் நம் உள்ளங்கையை விரித்து அளந்துகொள்ளலாம். எந்த நிறத்தவருக்கும் உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு படி வெளுப்பு. எனக்கு 1/125 காட்டியது. ஒரு படி கூட்டினால் அதே 1/60.

இந்த நாட்டுக்கு இது புதிய சிக்கல் அல்ல. 1875இல் இலங்கைக்கு வந்த ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் இங்குள்ள தொழிலாளர்களைப் படமெடுத்தார். 1879இல் டிக்கோயாவில் இறந்து பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். ஃபிலிமுக்கு முந்தைய அவர் காலத்து ஈரத் தகடு நீலத்தைத்தான் நன்றாக உணரும், சிவப்பை உணராது. பழுப்பு முகம் உள்ளதைவிடக் கறுப்பாகவே விழும். ஒளிமானியும் இல்லாமல், கண் மதிப்பை மட்டும் நம்பி அவர் வேலை செய்தார்.

இரண்டாவது பிரதியை மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கொடுத்தேன். அக்கா முதலில் நெற்றியைத் தேடினார். கூடைக் கயிறு அழுத்திப் பதிந்த தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஈரம் படாமல் படத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.