மூளையும் கரும்பலகையும் – 9: மார்க் போடாத பரீட்சை

1939-ல் ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒன்பது ஊர்கள், 91 பள்ளிக்கூடங்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேர். ஹெர்பர்ட் ஸ்பிட்சர் என்ற ஆய்வாளர் வேர்க்கடலை, மூங்கில் பற்றிய கட்டுரைகளை அவர்களுக்குக் கொடுத்துப் படிக்க வைத்தார். சுமார் அறுநூறு சொல்தான் இருக்கும். படித்து முடித்ததும் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சிலருக்கு அன்றே ஒரு சிறு தேர்வு. சிலருக்கு மறுநாள். மற்றவர்களுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று தள்ளித் தள்ளி வைத்தார். 63 நாள் கழித்து எழுதியவர்களும் உண்டு.

படித்த அன்று தேர்வு எழுதாத பிள்ளைகள் மளமளவென்று மறந்துபோனார்கள். அன்றே எழுதியவர்களுக்கு, வாரக்கணக்கில் ஆன பிறகும் பெரும்பகுதி நினைவில் நின்றது. முதல் தேர்வைத் தாமதமாக எழுதியவர்களுக்கு, அதற்குள் போனது போனதுதான். மிச்சம் இருந்ததை மட்டும் அந்தத் தேர்வு காப்பாற்றிக் கொடுத்தது. பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று அளப்பதற்காக வைத்த தேர்வு, அளந்ததோடு நிற்காமல் கற்றும் கொடுத்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்துத் தெளிவாக எழுதியும் வைத்தார் ஸ்பிட்சர். கல்வித் துறை அதை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த அறுபது எழுபது ஆண்டுகள் தேர்வு நல்லதா கெட்டதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

அவருக்கும் முன்னால், 1917-ல், ஆர்தர் கேட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே இதைத் தொட்டிருக்கிறார். மனப்பாடம் செய்யக் கொடுத்த நேரத்தில், எவ்வளவு நேரம் தாளைப் பார்த்துப் படிக்கலாம், எவ்வளவு நேரம் பார்க்காமல் சொல்லிப் பார்க்கலாம் என்பது அவருடைய கேள்வி. பாதி நேரத்துக்கு மேல் பார்க்காமல் சொல்லிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள். நம் ஊரில் இதற்கு ஒப்பித்தல் என்று பெயர். கேட்டவுடன் பலருக்கு முகம் சுளிக்கும். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

இந்தப் பழைய விஷயத்துக்கு மறுபடி உயிர் வந்தது 2006-ல். செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் செய்த சோதனை அது. சூரியனைப் பற்றி, கடல் நீர்நாயைப் பற்றி என்று சின்னச் சின்ன அறிவியல் பத்திகள். படிப்பவர்கள் கல்லூரி மாணவர்கள். ஒரு குழுவுக்கு ஐந்தைந்து நிமிடமாக நான்கு சுற்று. நான்கிலும் படிப்பு, படிப்பு, படிப்புதான். சராசரியாக ஒருவர் 14 முறை அந்தப் பத்தியைப் படித்திருக்கிறார். இன்னொரு குழுவுக்கு ஒரே ஒரு சுற்றுதான் படிக்கக் கிடைத்தது. அதில் மூன்று, நான்கு முறை படித்திருப்பார்கள். மற்ற மூன்று சுற்றிலும் கையில் வெள்ளைத் தாள். நினைவில் இருப்பதையெல்லாம் எழுத வேண்டும், அவ்வளவே.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கணக்கு தலைகீழ். பதினான்கு முறை படித்தவர்களிடம் எஞ்சியது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு விவரம். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள், பதினான்கு முறை படித்த குழுவினர்! திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன. பழகியதைத் தெரிந்ததென்று மனம் எடுத்துக்கொள்கிறது. தினமும் பஸ்ஸில் பார்க்கும் முகம் சட்டென்று அடையாளம் தெரியும், பெயர் கேட்டால் விழிப்போம் அல்லவா, அதே கதைதான். பரீட்சைக்கு முந்தைய இரவு, மஞ்சள் மார்க்கரால் கோடிட்ட நோட்டைப் புரட்டிவிட்டு ‘எல்லாம் தெரியும்’ என்று படுக்கப் போகும் பிள்ளை பொய் சொல்லவில்லை. அதற்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது. பார்க்காமல் சொல்லச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும், அதுவும் அந்தப் பிள்ளைக்கே.

மூளைக்குள் அப்போது என்னதான் நடக்கிறது என்ற கேள்விக்கு இந்தத் தொடர் பதில் சொல்லியாக வேண்டும். எரிக் காண்டல் கடல் நத்தையைக் கொண்டு செய்த சோதனைகளிலிருந்து தொடங்கலாம். நினைவு பற்றிய ஆராய்ச்சிக்காக 2000-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். நத்தையின் உடலில் ஓரிடத்தைத் தொட்டால் செவுளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால், ஆபத்தில்லை என்று பழகி, இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஒரே மூச்சில் நாற்பது முறை தொட்டால் அந்தப் பழக்கம் ஒரு நாள் நிற்கிறது. அதே நாற்பதை நாளுக்குப் பத்தாக நான்கு நாள் பிரித்துத் தொட்டால் வாரக்கணக்கில் நிற்கிறது. நரம்பணுக்கள் சந்திக்கும் இடங்களில் நிலையான மாற்றம் ஏற்படப் புதிய புரதங்கள் உருவாக வேண்டும். அதற்கு இடைவெளி விட்டு வரும் தூண்டுதல் தேவைப்படுகிறது.

நத்தைக்கும் ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கும் நடுவில் நெடுந்தூரம் இருக்கிறது. 1997-லேயே ஜான் ப்ரூயர் என்ற அறிஞர் இதை எச்சரித்தார்: நரம்பணுவிலிருந்து நேரே வகுப்பறைக்குப் பாலம் கட்ட முடியாது, நடுவில் உளவியல் என்ற தூண் வேண்டும் என்று. என் கட்சியும் அதுதான். வகுப்பறைக்கு இதுவரை கிடைத்த மிகப் பயனுள்ள செய்திகளில் பெரும்பாலானவை ஸ்கேன் எந்திரத்திலிருந்து வந்தவை அல்ல. தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு பொறுமையாக எண்ணியவர்களிடமிருந்து வந்தவை. ‘மூளை அடிப்படையிலான கல்வி’ என்று வண்ணப் படம் காட்டிக் கட்டணம் கேட்பவர்களிடம், அந்தப் படத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று பெற்றோர் கேட்கலாம்.

ஆய்வகத்தில் கல்லூரி மாணவர்களுக்குப் பலித்தது, கூச்சலும் கவனச்சிதறலுமான நிஜ வகுப்பில் பலிக்குமா? இதைச் சோதிக்க, செயின்ட் லூயிஸுக்குப் பக்கத்தில், இலினாய் மாநிலத்திலுள்ள கொலம்பியா என்ற சிற்றூரின் நடுநிலைப் பள்ளிக்கு 2005-ல் ரோடிகர் குழுவினர் போனார்கள். ஆறாம் வகுப்பு சமூக அறிவியல். பண்டைய எகிப்து, மெசபடோமியா, இந்தியா, சீனா என்று வழக்கமான பாடங்கள். பாடத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் குட்டித் தேர்வுகள் வைத்தார்கள்: வகுப்பு தொடங்கும்போது ஒன்று, பாடம் முடிந்ததும் ஒன்று, அலகுத் தேர்வுக்கு முந்தைய நாள் ஒன்று. பிள்ளைகள் கையில் கிளிக்கர் என்ற சின்னப் பொத்தான் கருவி. விடையை அழுத்தினால் போதும், சரியான விடை உடனே திரையில் வந்துவிடும். மதிப்பெண் பதிவேட்டில் எதுவும் ஏறாது. எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்று தெரிந்தால் தன்னையறியாமல் அதை அழுத்திச் சொல்லிக்கொடுத்துவிடுவோம் என்பதால், தேர்வு நடக்கும்போது ஆசிரியை வகுப்பைவிட்டு வெளியே போய்விடுவார். பாடத்தின் இன்னொரு பகுதியை, கேள்வியாக இல்லாமல் வாக்கியமாகத் திரையில் காட்டி மறுபடி படிக்க மட்டும் வைத்தார்கள்.

கேட்கப்பட்ட பகுதியில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். மறுபடி படித்த பகுதிக்கும் அப்படியே விட்ட பகுதிக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பிறகு எட்டாம் வகுப்பு அறிவியலில் இதையே செய்து பார்த்தார்கள். குட்டித் தேர்வில் வந்த பகுதியில் சராசரி 92 சதவீதம். வராத பகுதியில் 79. அதே பிள்ளைகள், அதே ஆசிரியர், அதே மணி நேரம். எட்டு மாதம் கழித்து ஆண்டுத் தேர்விலும் அந்த இடைவெளி தெரிந்தது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாசகர் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. தேர்வா, நமக்கா குறைச்சல்? வகுப்புத் தேர்வு, அலகுத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்புதல் தேர்வுகள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஜனவரிக்குப் பிறகு பாடம் கேட்கும் நேரத்தைவிடத் தேர்வு எழுதும் நேரம்தான் அதிகமோ என்று தோன்றும். அப்படியென்றால் உலகத்திலேயே நினைவாற்றல் மிகுந்தவர்கள் நம் பிள்ளைகளாக அல்லவா இருக்க வேண்டும்?

நாம் வைப்பது அளக்கும் தேர்வு. விடைத்தாள் பத்து நாள் கழித்துத் திரும்ப வரும். அதற்குள் என்ன எழுதினோம் என்பதே பிள்ளைக்கு மறந்திருக்கும். சிவப்பு மையில் ஒரு எண், பெற்றோர் கையெழுத்து, வகுப்பில் எத்தனையாவது இடம். தப்பான விடைக்குச் சரியான விடை என்ன என்று பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. கொலம்பியா பள்ளியில் நடந்தது இதற்கு நேர்மாறு: மார்க் இல்லை, விடை அப்போதே, அடிக்கடி, அதுவும் இடைவெளி விட்டு. சரியான விடையைச் சொல்லாமல் விட்டுவிட்டால் தேர்வு கெடுதலும் செய்யும். பல விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில், தப்பான விடையைக் குறித்த பிள்ளை அதையே சரியென்று மனத்தில் பதித்துக்கொள்வதை ரோடிகரே 2005-ல் காட்டியிருக்கிறார். மார்க்கை மட்டும் சொல்லிவிட்டு நகரும் தேர்வு, தப்பையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கக்கூடும்.

பயம் பற்றியும் சொல்ல வேண்டும். அடிக்கடி தேர்வு வைத்தால் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள் என்பது நியாயமான கவலை. இந்த முறையில் படித்த 1,408 அமெரிக்க மாணவர்களைக் கேட்டபோது, பெரிய தேர்வை நினைத்துப் படும் பதற்றம் குறைந்திருக்கிறது என்று 72 சதவீதம் பேர் சொன்னார்கள் (2014). மார்க் இல்லாததால்தான் அது சாத்தியமாயிற்று என்று நினைக்கிறேன். இதையே நம் பள்ளிகளில் கொண்டுவந்தால், மூன்றாவது வாரமே அதற்கும் ஒரு பதிவேடு போடச் சொல்லி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வரும் என்ற பயம் எனக்கு உண்டு.

இப்போது ஒப்பித்தலுக்கு வருவோம். பொருள் தெரியாமல் கடகடவென்று ஒப்பிப்பதால் என்ன பயன், புரிதல்தானே முக்கியம் என்பது நம் கல்விச் சிந்தனையாளர்கள் நெடுநாளாகச் சொல்வது. சரிதான். ஆனால் நினைவுகூர்தல் வேறு, பொருளறியாத மனப்பாடம் வேறு. 2011-ல் கார்பிக் இன்னொரு சோதனை செய்தார். ஒரு குழு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கருத்துகளைக் கட்டம் போட்டுக் கோடிழுத்து இணைக்கும் கருத்து வரைபடம் வரைந்தது. இன்னொரு குழு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஒரு வாரம் கழித்து, பாடத்தில் நேரடியாக இல்லாமல் யோசித்து விடை கண்டுபிடிக்க வேண்டிய கேள்விகளிலும் மூடி எழுதியவர்களே முந்தினார்கள். தன் சொல்லில் திரும்பக் கட்டிச் சொல்ல வேண்டியிருக்கும்போது, எது எதோடு சேரும் என்று மனம் தேடியே ஆக வேண்டியிருக்கிறது.

கூட்டமாகச் சொல்வதை இதில் சேர்க்காதீர்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்ல எல்லாரும் கோரஸாக எண்சுவடி சொல்வார்கள், இன்றும் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது சார்!’ என்று வகுப்பே கூவும். அந்தச் சத்தத்துக்குள் பாதிப் பேர் உதட்டை மட்டும் அசைக்கலாம். கேள்வி கேட்டு, கை தூக்கும் முதல் பெஞ்சுப் பிள்ளையிடம் விடை வாங்கிக்கொள்வதும் அப்படித்தான்: நினைவைத் துழாவியது ஒரு தலை, மற்ற முப்பத்தொன்பது தலைகளுக்கும் ஓய்வு.

கிளிக்கர் வாங்கப் பணமில்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம். சிலேட்டு போதும். வகுப்பு தொடங்கி ஐந்து நிமிடம், புத்தகம் மூடியிருக்கட்டும்; நேற்றைய பாடத்தில் இரண்டு கேள்வி, போன வாரத்துப் பாடத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. எல்லாரும் எழுதட்டும், ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும். சரியான விடையை ஆசிரியர் உடனே சொல்லிவிடட்டும், பிள்ளைகளே திருத்திக்கொள்ளட்டும், அழித்துவிடட்டும். புத்தம் புதிய, சிக்கலான பாடத்தை அறிமுகப்படுத்தும் அன்றைக்கு இது உதவாது. முதலில் நன்றாக விளக்க வேண்டும், செய்துகாட்ட வேண்டும். தெரியாததை எத்தனை முறை கேட்டாலும் வராது.

இதில் ஆசிரியருக்குக் கிடைக்கும் ஆதாயத்தை ஆய்வுக் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை. நாற்பது சிலேட்டில் இருபத்தைந்தில் ஒரே தப்பு இருந்தால் கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, நேற்று நடத்திய விதத்தில் இருக்கிறது. காலாண்டுத் தேர்வு வரை காத்திருக்காமல் அன்று காலையிலேயே அது தெரிந்துவிடுகிறது, அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க அதே மணி நேரத்தில் இன்னும் நாற்பது நிமிடம் மிச்சமிருக்கும்போதே.

அடுத்த வாரம் கணக்கு. ஒரே வகைக் கணக்கை இருபது முறை போடுவதா, நான்கு வகையைக் கலந்து போடுவதா?

(தொடரும்)