கிட்னி மாற்றியாச்சு... இனி இஷ்டத்துக்கு சாப்பிடலாமா?

சென்னை:
டயாலிசிஸ் காலத்தில் ஒரு டம்ளர் தண்ணீருக்கும் கணக்கு. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. காய்கறியை வேகவைத்து தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். வருஷக்கணக்கில் இப்படி வாயைக் கட்டியவருக்கு மாற்று சிறுநீரகம் வைத்ததும் என்ன ஆகும்? ரத்தத்தில் தேங்கிய கழிவு வெளியேறியதும் நாக்குக்கு ருசி திரும்பி விடுகிறது. அங்கேதான் சிக்கலும் ஆரம்பம்.

அகோர பசி

புது கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறார்கள். அது பசியைக் கிளப்பிவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வயிறு கேட்கும். முதல் வருஷத்தில் பலருக்கும் எடை ஏறுவது இப்படித்தான். கூடவே தரப்படும் டாக்ரோலிமஸ் மாத்திரையும் சேர்ந்து, சர்க்கரை வியாதி இல்லாதவருக்கும் அதை வரவழைத்து விடலாம். இந்த மாத்திரை பொட்டாசியத்தையும் ஏற்றும் என்பதால் சிலருக்கு இளநீர் தடை ஆபரேஷனுக்குப் பிறகும் நீடிக்கும்.

பாசம் படுத்தும் பாடு

மாத்திரையை விட வீட்டில் இருப்பவர்களை சமாளிப்பதுதான் கஷ்டம். நம் நாட்டில் உயிரோடு இருந்து கிட்னி கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். அம்மாவாக இருக்கும், அல்லது மனைவியாக இருக்கும். "எலும்பும் தோலுமா கிடந்த பிள்ளை, தேறட்டும்" என்று நெய்யும் கறியுமாக போடுகிறார்கள். கிட்னி கொடுத்தவரே பரிமாறும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

வேலைக்குத் திரும்பியவர் பாடு வேறு. டாக்ரோலிமஸை 12 மணி நேர இடைவெளியில், பெரும்பாலும் வெறும் வயிற்றில் போட வேண்டும். நைட் ஷிப்டு காரர்களுக்கு டிபன் நேரமே மாறிப்போகும். எதிர்ப்பு சக்தியை மாத்திரையால் குறைத்து வைத்திருப்பதால் ரோட்டோர சட்னி, வெட்டி வைத்த பழம், ஆப்பாயில் எல்லாம் ஆபத்து. மற்றவருக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு போவது, இவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும்.

பப்ளிமாஸ் பழம் பக்கமே போகக்கூடாது. ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றி, மாற்றி வைத்த கிட்னியையே கெடுத்துவிடலாம். டாக்டரைக் கேட்காமல் நாட்டு மருந்து பொடியும் வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முதல்வர் காப்பீட்டு திட்டம் கை கொடுக்கிறது. முட்டை, பருப்பு, காய்கறி செலவு அவரவர் பாக்கெட்டில் இருந்துதான். கையில் காசு இல்லாத நாளில் சோற்றுக்கு ஊறுகாய்தான் துணை. அதில் உள்ள உப்பு பி.பி.யை ஏற்றிவிடும்.

தண்ணீர் விஷயம் மட்டும் தலைகீழ். கிட்னி நன்றாக வேலை செய்தால் நிறைய குடிக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். ஆனால் பழைய பயம் போகாமல் பாதி டம்ளரில் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு.