நோட்டீஸ் கீழே, இருட்டு மேலே

‘இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்.’ 2022-இல் மும்பைக்காரர்கள் பலரின் செல்பேசிக்கு வந்த மோசடிச் செய்தி இது. பதறிப்போய்ப் பேசியவர்கள் வங்கிப் பணத்தைப் பறிகொடுத்தார்கள். பில் பாக்கிக்காக ராத்திரியோடு ராத்திரியாக ஃப்யூஸைப் பிடுங்க எந்த நிறுவனத்துக்கும் அதிகாரமில்லை என்று தெரிந்திருந்தால் பதறியிருக்க மாட்டார்கள்.

2003 மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவுப்படி, முழுதாக 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்துமூலம் நோட்டீஸ் தர வேண்டும். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் மின்சாரம் தரும் பெஸ்ட்டுக்கும், செம்பூருக்குத் தரும் அதானி, டாடா நிறுவனங்களுக்கும் விதி ஒன்றுதான். மின்திருட்டு என்றால் மட்டும் கதை வேறு.

அதே பிரிவில் பலருக்குத் தெரியாத ஒரு வழியும் உண்டு. மாதம் 800 ரூபாய் கட்டிவந்த வீட்டுக்குத் திடீரென 9,000 ரூபாய் பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக்கொடுத்து, கேட்ட தொகை, கடந்த ஆறு மாதச் சராசரி இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். தகராறு தீரும்வரை இணைப்பில் கைவைக்க முடியாது. 2020 ஊரடங்கில் மீட்டர் பார்க்க ஆள் வராமல், ஜூனில் மொத்தமாக வந்த பில்லைப் பார்த்து நகரமே கொதித்ததே, அந்த மாதிரி நேரத்துக்குத்தான் இந்தப் பிரிவு.

ஆனால் இதெல்லாம் பில்லில் பெயர் உள்ளவருக்கு. தாராவிச் சந்துகளில் இரும்பு ஏணி ஏறிப் போகும் மேல் ரூமில் குடியிருப்பவருக்குச் சப்-மீட்டர்தான். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் கையில் கொடுப்பார். வீட்டுக்காரர் கட்டாமல் விட்டால் நோட்டீஸ் அவர் கதவுக்கு வரும். ஃபேன் நிற்பது இவர் தலைக்கு மேல். வாடகைத் தகராறில் வீட்டுக்காரரே இணைப்பை அறுத்துவிடுவதும் உண்டு. அதை மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு தடை செய்கிறது. வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2022-இல் சொல்லிவிட்டது. சரி, வழக்குப் போட்டுவிட்டு அதே ரூமில் எத்தனை நாள் இருப்பது?

பிரான்ஸில் நவம்பர் முதல் மார்ச் வரை, பாக்கி இருந்தாலும் வீட்டு மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்க முடியாது. நம் 56-ஆவது பிரிவிலோ, கைக்குழந்தையோ ஆக்சிஜன் கருவியோ இருக்கும் வீட்டுக்குக்கூடத் தனி விலக்கு இல்லை. 2020 நுகர்வோர் உரிமை விதிகள் முதியோருக்கு வீட்டு வாசலிலேயே சேவை தரச் சொல்கின்றன. பணம் வாங்க வாசலுக்கு வருகிறவர் ஃப்யூஸைப் பிடுங்கவும் வரலாம்! மே மாதப் புழுக்கத்தில் தகரக் கூரையின் கீழ் வாழ்பவர்களுக்காகவாவது மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விலக்கை எழுத வேண்டும்.

அதுவரை, கடைசி ஆறு மாத பில்களைப் பத்திரமாக வையுங்கள். தகராறு வந்தால் நிறுவனத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.