கழிவுத் துணிதானே!

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மகளிர் சுய உதவிக் குழுவினர் நடத்திய கண்காட்சி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். வெட்டுத் துணிகளை இணைத்துத் தைத்த ஒட்டுப் போர்வை ஒன்று கண்ணைக் கவர்ந்தது. விலை கேட்டேன். அங்கு நின்றிருந்த பெண்மணி 1,500 ரூபாய் என்றார். 'கழிவுத் துணிதானே அம்மா, ஆயிரத்துக்குத் தரக் கூடாதா?' என்றேன். அவர் மறுமொழி கூறாமல் போர்வையை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

அந்த மௌனத்தின் பொருள், பணி ஓய்வுக்குப் பிறகு அப்படியொரு போர்வையை நானே தைக்க முற்பட்டபோதுதான் விளங்கியது.

துணி எளிதில் கிடைத்தது. எங்கள் தெருமுனைத் தையல் கடையில் ரவிக்கையும் சுடிதாரும் தைத்தபின் எஞ்சும் துண்டுகள் ஒரு சாக்கில் சேர்ந்து, குப்பை வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. திருப்பூரின் பின்னலாடை வெட்டுக் கழிவுகளுக்காவது சந்தை உண்டு. இயந்திரம் துடைக்கவும், மீண்டும் பஞ்சாக்கி நூல் நூற்கவும் அவை பயன்படுகின்றன. தெருமுனைக் கடையின் கையகலத் துண்டுகளைக் கேட்பாரில்லை. நான் கேட்டதும் தையற்காரர் இரண்டு பை நிறையக் கொடுத்தார்.

வேலை துணியைத் தரம் பிரிப்பதில் தொடங்குகிறது. பருத்தியும் பாலியெஸ்டரும் ஒன்றாகத் தைக்கப்பட்டால், துவைக்கும்போது ஒன்று சுருங்கும், மற்றொன்று சுருங்காது, போர்வை கோணிக்கொள்ளும். ஐயம் வந்தால் ஓர் இழையை உருவித் தீயில் காட்டிப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். இழுத்தால் நீளும் பின்னல் துணியையும், நீளாத நெய்த துணியையும் கலக்கக் கூடாது. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன மரபு நம்முடையது. இங்கேயும் தைப்பதற்கு முன்பே துணிகளை நனைத்து அலசிவிட வேண்டும். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். சாயம் போகும் துணியும் அடையாளம் தெரிந்துவிடும்.

அடுத்தது நிறம். அழகான துண்டுகளை எல்லாம் சேர்த்தால் அழகான போர்வை வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தரையில் பரப்பியபோது அது திருவிழாக் கடைபோல இரைச்சலிட்டது. வெளிர், நடுத்தரம், அடர்த்தி என மூன்று குவியல்களாகத் துணிகளைப் பிரித்து, வெளிரும் அடர்த்தியும் அடுத்தடுத்து வருமாறு அடுக்கிய பிறகே ஓர் ஒழுங்கு பிறந்தது. கைப்பேசியில் கருப்பு - வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால் எது வெளிர், எது அடர்த்தி என்பது உடனே தெரியும். இடையிடையே பழைய வேட்டியின் வெள்ளைத் துண்டுகளைச் சேர்த்தேன். கண் இளைப்பாற ஓர் இடம் வேண்டுமல்லவா?

மூன்றாவது அளவு. அட்டையில் ஐந்து அங்குலச் சதுரம் வெட்டி, அதை வைத்து 216 துண்டுகளைக் கத்தரித்தேன். அகலத்துக்கு 12, நீளத்துக்கு 18. ஐந்தடி அகலமும் ஏழரை அடி நீளமும் வரும் என்பது என் கணக்கு. வந்ததோ நாலரை அடி அகலமும் ஆறே முக்கால் அடி நீளமும்தான். ஒவ்வொரு துண்டிலும் நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும் என்பதை மறந்துபோனேன். 'தைக்கிறதுக்கும் துணி வேணும் சார்' என்று சிரித்தார் தையற்காரர்.

துண்டுகளை வரிசை வரிசையாக இணைத்து, இஸ்திரி போட்டு, அடியில் பழைய பருத்திப் புடவைகளை விரித்து, எல்லா அடுக்குகளும் நகராதபடி நூலோட்டம் போட வேண்டும். பிறகு இரண்டு அங்குல இடைவெளியில் நீளவாக்கில் கைத்தையல். அடுக்குகளை ஒன்றாக்கி, போர்வைக்கு உறுதி தருவது இந்தத் தையல்தான். கடைசியாக ஓரங்களுக்குப் பட்டை கட்ட வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை நேரத்தைக் குறித்துவைத்தேன். மொத்தம் 62 மணி நேரம் ஆனது.

அப்போதுதான் அந்த 1,500 ரூபாய் நினைவுக்கு வந்தது. என் வேகத்தில் தைத்தால் அது மணிக்கு ஏறத்தாழ 24 ரூபாய். கைப்பழக்கத்தால் அந்தப் பெண்மணி பாதி நேரத்தில் முடித்திருந்தாலும் மணிக்கு 48 ரூபாய்தான். அதிலும் 500 ரூபாயைக் குறைக்கச் சொன்னவன் நான். துணிக்கு விலையில்லை என்பதால் உழைப்புக்கும் விலையில்லை என்று எண்ணிவிட்டேன்.

இந்தக் கலை வறுமையில் பிறந்தது. ஆனால் வறுமையின் அடையாளமாக நின்றுவிடவில்லை. வங்கத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே 'காந்தா' தைத்தனர். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள், ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை இணைக்கின்றனர். நான்கு மூலைகளிலும் 'பூ' எனப்படும் சிறு முக்கோணத் துண்டுகளை வைத்துத் தைத்தால்தான் போர்வை நிறைவு பெற்றதாக அவர்கள் கருதுவர்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் அமைந்த ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கதை நமக்கு ஒரு பாடம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த பெண்கள், வயல் வேலைக்கு உடுத்திக் கிழிந்த உடைகளைக் கொண்டு குளிருக்குப் போர்வை தைத்தனர். 1966-இல் அப்பகுதிப் பெண்கள் கூட்டுறவு ஒன்றை அமைத்து, போர்வைகளை விற்கத் தொடங்கினர். 2002-இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்களைப்போலச் சுவரில் தொங்கின. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலைகளில் அச்சிட்டது. துணி அதே கந்தல்தான். பார்த்த கண்தான் மாறியது.

இந்த ஆண்டு அதே கண்காட்சிக்கு மீண்டும் சென்றேன், முழு விலை கொடுத்து ஒரு போர்வை வாங்கும் எண்ணத்தோடு. அந்தக் குழுவினர் காகிதப் பைகள் விற்றுக்கொண்டிருந்தனர். போர்வை என்ன ஆயிற்று என்று கேட்டேன். 'கட்டுப்படியாகல, விட்டுட்டோம்' என்றார்கள். என்னிடம் மறுமொழி கூறாத அந்தப் பெண்மணியை அங்கே காணவில்லை.

பேரம் பேசியவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்பது ஆறுதல் ஆகாது. இத்தகைய கண்காட்சிகளில் கைவினைப் பொருள்களின் விலைச்சீட்டில், அதற்குச் செலவான மணிநேரத்தையும் குறிப்பிடச் செய்யலாம். வாங்குபவர் பேரம் பேசுவதற்குமுன் ஒரு கணம் யோசிப்பார். பள்ளிகளில் மாணவ - மாணவியர் இருபாலருக்கும் ஒரு சிறு விரிப்பையாவது தைக்கக் கற்பிக்கலாம். ஊசி பிடித்த கை, அடுத்தவர் உழைப்பை எளிதில் குறைத்து மதிப்பிடாது.

என் போர்வை சற்றுக் கோணலானது, அகலமும் போதாது. கால் மூடினால் தோள் தெரிகிறது. ஆயினும் அதை யாரேனும் விலைக்குக் கேட்டால் 1,500 ரூபாய்க்குத் தர எனக்கு மனம் வராது.