மருந்துச் சீட்டும் மடியில் உள்ள காசும்

ஸ்ரீமுஷ்ணம் என்றதும் பூவராகப் பெருமாள் நினைவுக்கு வருவார். சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்கு அது 'திருமுட்டம்'. விருத்தாசலத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். இந்தக் கோவிலில் பிரசாதமே ஒரு மூலிகைதான், கோரைக்கிழங்கு உருண்டை! ஆனால் நாம் இன்று சொல்ல வந்தது பிரசாதத்தைப் பற்றி அல்ல. காசு கொடுத்து வாங்கவேண்டிய மாத்திரையைப் பற்றி.

கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றிருந்தோம். வயதான அம்மாள் ஒருத்தி சீட்டை நீட்டினாள். ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை, சர்க்கரை வியாதிக்கு ஒரு மாத்திரை.

"பத்து நாளைக்கு மட்டும் குடு தம்பி."

"போன தடவையும் பத்து நாளைக்குத்தானே ஆயா வாங்குன? வாங்கி இருபது நாள் ஆச்சே!"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிட்டேன்."

கேட்டதும் நமக்குத் திக்கென்றது. ரத்தக் கொதிப்பு மாத்திரையை இஷ்டப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டால், நோய் சும்மா இருக்குமா? பக்கவாதமும் மாரடைப்பும் இப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கின்றன.

அம்மாளின் மகன் விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில் வேலை பார்க்கிறான். ஐந்தாறு பேர் மட்டுமே வேலை செய்யும் இடம். பத்துப் பேராவது இருந்தால்தானே இ.எஸ்.ஐ. வரும்!

அட்டை எதற்கு?

அம்மாள் சுருக்குப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. "இதைக் காட்டினா மாத்திரை தரமாட்டாங்களா?" என்று கேட்டாள்.

அநேகருக்கு இருக்கும் சந்தேகம் இது. 2009-ம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் வந்து, பின்னர் பெயர் மாறிய ஏற்பாடு அது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துச் செய்யும் ஆபரேஷனுக்கும், பட்டியலில் உள்ள பெரிய சிகிச்சைகளுக்கும் பணம் கட்டும். தினம் விழுங்கும் மாத்திரைக்குக் கட்டாது. இருதயம் கெட்டுப் போன பிறகு லட்சக்கணக்கில் கொடுப்பார்கள். கெடாமல் காக்கும் மாத்திரைக்குக் கொடுக்கமாட்டார்கள். வேடிக்கைதான்!

அப்படியானால் ஏழைக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அது அரசாங்க ஆஸ்பத்திரி ஜன்னலில் இருக்கிறது.

மருந்து வந்த கதை

"அங்கே குடுக்கிற மாத்திரை கேக்குமா?" என்றாள் அம்மாள். நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதைக்குப் போகவேண்டும்.

1994-ம் ஆண்டு ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவாயிற்று. 1995-ல் வேலையை ஆரம்பித்தது. மாநிலம் பூராவுக்கும் வேண்டிய மருந்தை ஒரே கை மொத்தமாக வாங்குகிறது. டெண்டரில் கம்பெனிப் பெயருக்கு இடம் கிடையாது. மருந்தின் மூலப் பெயர் மாத்திரமே. கோடிக்கணக்கில் மாத்திரை வாங்குகிறவனிடம் கம்பெனி விலையைக் குறைக்காமல் என்ன செய்யும்? வாங்கிய சரக்கு மாவட்டக் கிடங்குகளுக்கு வருகிறது. அங்கிருந்து மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி பெயரை மறைத்து, பரிசோதனைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். தேறிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போகும். தேறாத கம்பெனி கறுப்புப் பட்டியலில் ஏறும். இந்த முறையைப் பார்த்து மற்ற மாநிலங்களும் பின்பற்றின. ராஜஸ்தானில் 2011 அக்டோபர் 2 அன்று இலவச மருந்துத் திட்டம் தொடங்கியது.

'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்த அட்டையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் பளபளக்கும் அட்டையில் இருப்பதும், அந்த அட்டையில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே சரக்கு. மெட்பார்மின் என்றால் மெட்பார்மின்தான்; அம்லோடிபின் என்றால் அம்லோடிபின்தான்.

ஒரு விஷயம். தனியார் டாக்டர் எழுதிய சீட்டை ஜன்னலில் நீட்டினால் மருந்து கிடைக்காது. வெளிநோயாளிச் சீட்டு வாங்கி, அங்குள்ள டாக்டரிடம் பழைய சீட்டையும் காலி அட்டையையும் காட்டவேண்டும். அவர் பரிசோதித்து எழுதினால்தான் மருந்து. சிலவேளை ஒரு மாத்திரைக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் வேறொன்றை எழுதுவார். அந்த மாற்றத்தை டாக்டர்தான் செய்யவேண்டும்; நாமாகச் செய்துகொள்ளக் கூடாது. நடக்க மாட்டாதவர்களுக்காக, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்த் தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் துவக்கப்பட்டது.

காசநோய்க்கு மருந்து இலவசம். எச்.ஐ.வி.க்கு 2004 ஏப்ரல் முதல் இலவசம்.

பெரிய வியாதிக்கு

அரசாங்கத்தில் கிடைக்காத மருந்தென்றால்? 2008-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த மக்கள் மருந்தகம் உண்டு. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகத்தில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தார்கள். மூலப் பெயரில் மருந்து. கம்பெனிப் பெயர் மருந்தைவிட வெகுவாகக் குறைந்த விலை.

பெயருக்கு எவ்வளவு விலை என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறோம். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு 'கிளீவெக்' என்று ஒரு மாத்திரை. கம்பெனி விலையில் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய்! அதையே இந்தியக் கம்பெனிகள் சுமார் 8,000 ரூபாய்க்குச் செய்தன. சுவிட்சர்லாந்துக் கம்பெனி தனியுரிமை கேட்டது. 2006-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. கம்பெனி விடவில்லை, வழக்கு டில்லி வரை போயிற்று. 2013 ஏப்ரல் 1 அன்று சுப்ரீம் கோர்ட்டும் மறுத்துவிட்டது. அதனால் விலை குறைந்த மாத்திரையைச் செய்வதற்குத் தடை வரவில்லை.

இப்படிப்பட்ட வியாதிகளுக்குக் கடலூர் மாவட்டத்தார் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகலாம். சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. மற்றதற்கு விருத்தாசலம் அரசாங்க ஆஸ்பத்திரியும், அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் பக்கம். வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கையில் இருந்தால் ஓர் அலைச்சல் மிச்சம்.

இவ்வளவையும் அந்த அம்மாளிடம் சொல்லி முடித்தோம். அவளுக்குப் பெயர்கள் பிடிபடவில்லை. மருந்துக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கி, அதன் பின்பக்கம் இரண்டு மாத்திரைகளின் மூலப் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதினார்.

"இதை ஆஸ்பத்திரியில காட்டு ஆயா. திங்கக்கிழமை கூட்டமா இருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில போ. அது வரைக்கும் தினம் ஒண்ணு, விடாம போடணும்."

நாலு நாளைக்கான மாத்திரையை மாத்திரம் கத்தரித்துக் கொடுத்தார்.